உள்பக்கம் பார்க்காமல் பாஸ் போட்ட காடு

வெள்ளிக்கிழமை காலை 5.15. திருப்பூர் பழைய பேருந்து நிலையத்தில் பொள்ளாச்சி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பெயர்ப்பலகையில் பொள்ளாச்சி என்றுதான் எழுதியிருந்தது. இருந்தாலும் நடத்துனரிடம் கேட்டேன். பிறகு ஓட்டுநரிடம் கேட்டேன். கடைசியாக, ஜன்னலோரம் பூக்கூடையை மடியில் வைத்திருந்த பெண்ணிடமும் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, மூணு பேரும் சேர்ந்தா உங்கள ஏமாத்தப் போறோம்?" என்றது அந்தப் பெண்.

சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டெலிவரி தேதியையே மறந்துபோகிற சாயப்பட்டறைக்காரர்களோடு பதினான்கு வருடம் குப்பை கொட்டியவள் நான். ஒரு பனியன் கம்பெனியில் கடைசிச் செக்கிங் மேசையின் பொறுப்பு என்னுடையது. அந்த மேசையில் எங்களுக்கு ஒரே ஒரு பாடம்தான்: மேலாகப் பார்த்தால் எல்லாப் பனியனும் நல்ல பனியன், உள்பக்கத்தைத் திருப்பிப் பார். குற்றம் கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டு. ஒரு லாட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து பீஸ் உருவிப் பார், பத்தும் ஒன்றுபோல இருந்தால் லாட் பாஸ். நான் பாஸ் போட்ட எந்த லாட்டும் இதுவரை திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இப்போது என்னை மலைக்கு அனுப்பியதும் ஒரு பனியன்தான். வெளிநாட்டு ஆர்டர், கரும்பச்சை நிறம், கழுத்தில் தொங்கும் டேக் அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பி அதைத் தமிழில் சொன்னான்: இந்தச் சட்டைக்கு ஒரு மழைக்காட்டு மரம் நட்டிருக்கிறோம். நடுகிற பொறுப்பு எங்கள் கம்பெனியுடையது. முதலாளி அதைப் பொள்ளாச்சி ஏஜெண்டு ஒருவரிடம் விட்டிருந்தார். நட்டாயிற்று என்று ஏஜெண்டு சொல்லிவிட்டார். யாராவது நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் திங்கட்கிழமை சரக்கு கிளம்பும்.

"நீங்களே போய்ட்டு வாங்க சாந்தாம்மா. உங்களுக்குத்தான் யாரு மேலயும் நம்பிக்கை கெடையாது" என்றார் முதலாளி. அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பொள்ளாச்சி 7.05. திருப்பூரிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், டிக்கெட் பதினேழு ரூபாய். இட்லியில் சோடா மாவு போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். 7.30க்கு வால்பாறை வண்டி. இன்னும் அறுபத்துநான்கு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். ஆழியாறு சோதனைச்சாவடி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய கல் உண்டு. நான் தனியாகவும் எண்ணிக்கொண்டு போனேன், கல் சரியாகத்தான் சொன்னது. ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை கீழே நீலமாகத் தெரிந்தது. முப்பதுக்கு மேல் மூடுபனி, பிறகு மழை. ஜூலை மாதம். திருப்பூரில் மழைமேகத்தைப் பார்த்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

காலை 10.40. வால்பாறைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால், ஏஜெண்டு சொன்ன கல்வெர்ட்டில், அந்தச் சிறு ஓடைப் பாலத்தில் இறங்கினேன். ஏஜெண்டே அங்கே காத்திருந்தார். தங்கவேலு என்று பெயர். நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் ரெக்சின் பை, இன்னொரு கையில் எனக்கென்று ஒரு குடை. குடையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செக்கிங்குக்கு வருகிறவளை இவ்வளவு நன்றாகக் கவனிக்கிறவன் என்றால் சரக்கில் என்னவோ இருக்கிறது.

"வாங்கக்கா வாங்க. பிரயாணமெல்லாம் சவுகரியந்தானுங்களே? டீ சாப்பிடறீங்களா? அட்டை கடிக்குமுங்க, உப்பு வச்சுருக்கேன், பூசிக்குங்க."

"மொதல்ல மரத்தக் காட்டுங்க" என்றேன்.

சாலையோரம் இரண்டு ஏக்கர் சரிவு. ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குச் சொந்தமான இடம். இந்தப் பக்கம் ஒரு துண்டுக் காடு, அந்தப் பக்கம் இன்னொரு துண்டுக் காடு, நடுவில் இந்த வெறும் சரிவு. அதில் நூல் பிடித்ததுபோல் வரிசை வரிசையாகக் கன்றுகள். சொல்லப்போனால் அசந்துவிட்டேன். எல்லாம் ஒரே உயரம், எல்லாம் ஒரே சாம்பல் பச்சை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் எழுதிய குச்சி. எங்கள் கம்பெனியில் ஒரே சாயத்தில் முக்கிய துணியில்கூட இவ்வளவு ஒற்றுமையான நிறத்தைப் பார்த்ததில்லை.

என் வழக்கப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்தைப் பொறுக்கிப் பார்த்தேன். குச்சியில் எண் இருந்தது, இலையில் ஓட்டை இல்லை, உயரம் அளந்து வெட்டியதுபோல் இருந்தது. இதற்குள் என் கணுக்காலில் நான்கு அட்டைகள் ஏறி, உப்பையும் மீறி ரத்தம் குடித்துக்கொண்டிருந்தன. மழை வலுத்தது. தங்கவேலு குடையைப் பிடித்துக்கொண்டு, "வேணுமின்னா எல்லாத்தையும் எண்ணிப் பாத்துருங்கக்கா, எனக்கொண்ணும் அவசரமில்லீங்க" என்றார். எண்ணிப் பார் என்று அவரே சொன்னதும் எனக்குச் சந்தேகம் தணிந்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலை 11.30. கையெழுத்துப் போட்டேன். சாந்தா, இறுதிச் செக்கிங், பாஸ். தங்கவேலு தாளைப் பையில் வைத்துக்கொண்டு, வால்பாறையில் ஃபேக்ஸ் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு பைக்கில் கிளம்பினார். வால்பாறை போய்த் திரும்புகிற பேருந்து மூன்று மணிக்குத்தான் என்றும் போகிற போக்கில் சொன்னார்.

மழைக்கு ஒதுங்க இடம் தேடினேன். சரிவுக்கு மேலே ஒரு தகரக் கூரை தெரிந்தது. கூரைக்குக் கீழே கறுப்பு பாலிதீன் பைகளில் ஆயிரக்கணக்கான செடிகள். நடுவில், சாக்குப்பையை மழைக்குக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு, என் வயதுக்காரி ஒருத்தி மண் சலித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு நீங்க? அந்த வெள்ளச் சட்டைக்காரன் ஆளா?" என்றாள்.

"திருப்பூருங்க. மழைக்கு ஒதுங்கலாமுன்னு வந்தேன்."

"ஒதுங்கத்தானே வந்திய? ஒதுங்கிட்டுப் போங்க. செடியைத் தொடாதிய."

பெயர் ஞானம்மா. தாத்தா காலத்தில் தெற்கேயிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பம். இவளும் இருபது வருடம் கொழுந்து பறித்துவிட்டு, இப்போது காட்டுமரக் கன்று வளர்க்கும் இந்த நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறாள். இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் துண்டு துண்டாகத்தான் வாங்க முடிந்தது. என்னைவிடச் சந்தேகப் பிராணி.

தொடாதே என்றால் என் கை சும்மா இருக்குமா? செடிகளைப் பார்த்தேன். ஒன்றைப்போல் ஒன்றில்லை. ஒன்று முழங்கால் உயரம், பக்கத்தில் இருப்பது விரல் அளவு. ஓர் இலை அகலம், இன்னொன்று ஊசி. ஒரு செடிக்கு அடி இலை பச்சையும் நுனி இலை ரத்தச் சிவப்புமாக இருந்தது. எங்கள் மேசையில் இது வந்திருந்தால் ஷேடு வேரியேஷன், நிறம் ஒத்துப்போகவில்லை என்று கட்டோடு தூக்கி எறிந்திருப்பேன்.

"ஏனுங்க, இதென்ன கண்டதும் கலந்து கெடக்குது? இந்தச் செடிக்கு நோய் வந்துருச்சாட்ட இருக்குது. இதையா காடுன்னு விக்கறீங்க?" என்றேன்.

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். "நோயா? அது கருங்குங்கிலியம். கொழுந்து செவப்பாத்தான் வரும். நீங்க காட்டுக்குள்ள போயிருக்கியளா?"

"இல்லீங்க."

"வாங்க. பத்து மரத்தைப் பாருங்க. ரெண்டு மரம் ஒண்ணுபோல இருந்தா நான் இந்தப் பண்ணையை மூடிட்டுப் போயிருதேன்."

பகல் 12.45. பண்ணைக்குப் பின்னாலேயே அந்தத் துண்டுக் காடு தொடங்கியது. வெளியே கொட்டிய மழை உள்ளே சொட்டாகத்தான் இறங்கியது. தரை மெத்தென்றிருந்தது, மக்கிய இலை கணுக்கால் வரை. ஓர் ஆள் மறைந்து நிற்கும் அளவுக்குப் பலகைபோல் வேர்விட்ட ஒரு மரம். கிளை நுனியில் இல்லாமல் கட்டையிலேயே கொத்தாகக் காய்த்திருந்த இன்னொரு மரம். முள்ளு முள்ளாகக் காய் உதிர்ந்து கிடந்தது, வெடிப்பலா என்றாள். தலைக்கு மேலே திடீரென்று ஸ்டீம் அயர்ன் மூச்சு விடுவதுபோல் புஸ் புஸ் என்று சத்தம். குனிந்துகொண்டேன். இருவாச்சி. மூக்குக்கு மேலே இன்னொரு மூக்கை வைத்த அவ்வளவு பெரிய பறவை, சிறகடிப்பது கீழே வரை கேட்டது.

"இதுதான் எங்க முதல் வேலைக்காரன். பழத்தைத் தின்னுட்டு விதையைத் துப்புதான். நான் பொறுக்கிட்டு வாரேன்" என்றாள் ஞானம்மா.

"வெதையச் சேத்து டப்பாவுல போட்டு வச்சுக்கலாமுல்லங்க? இப்படி மழையில அலையோணுமா?"

"பாதி மரத்துக்கு விதை காஞ்சா செத்துரும். விழுந்த கையோட மண்ணுல போடணும். ஸ்டாக் வைக்க முடியாது. மரம் போச்சுன்னா விதையும் போச்சு, அவ்வளவுதான்."

நான் பத்து மரத்தை எண்ணிக்கொண்டே வந்தேன். வேண்டுமென்றே பக்கத்துப் பக்கத்தில் நிற்பதாகப் பொறுக்கினேன். பத்தும் பத்து விதமான இலை. பதினொன்றாவதையும் பார்த்தேன், அதுவும் வேறு. பதினான்கு வருடமாக நான் கற்ற பாடம் இங்கே தலைகீழாகக் கிடந்தது. இங்கே ஒன்றுபோல் இருந்தால்தான் குற்றம். அப்படியானால் கீழே நான் பாஸ் போட்ட அந்த வரிசை?

திரும்பும் வழியில் கல்வெர்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஓடைகள் சேர்ந்தன. காட்டுப் பக்கத்திலிருந்து வந்தது இவ்வளவு மழையிலும் கூழாங்கல் தெரியுமளவுக்குத் தெளிவு. தேயிலைப் பக்கத்திலிருந்து வந்தது செம்மண் குழம்பு. நிறம் பார்ப்பது என் பிழைப்பு. எங்கள் நொய்யல் ஆற்றில் தண்ணீரின் நிறத்தை வைத்தே இந்த மாதம் எந்தச் சாயம் அதிகம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அதனால் கேட்டேன்.

"இந்தத் தண்ணி எங்கீங்க போகுது?"

"அணை அணையா விழுந்து, மலைக்குள்ள குடைஞ்ச குகை வழியா திருமூர்த்தி அணைக்குப் போவுது. அங்கேருந்து வாய்க்கால். கடைசியா வெள்ளகோவில்னு ஒரு ஊரு இருக்காம்லா, அது வரைக்கும் போவுதாம்."

நின்றுவிட்டேன். வெள்ளகோவில் என் ஊர். வாய்க்காலின் கடைசி மடை எங்கள் தோட்டம். முறை வைத்து விடுகிற தண்ணீர் வருமா வராதா என்று என் அப்பா வருடம் முழுக்க மண்வெட்டியோடு காத்திருப்பார். மேலே இருக்கிறவர்கள் ஹோஸ் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று ஊரில் ஒருவர் விடாமல் சந்தேகப்படுவார். என் சந்தேகமே அவரிடமிருந்து வந்த சீதனம்தான். இந்தத் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

"மழை இல்லாத மாசத்துல இந்தத் தேயிலை ஓடை காஞ்சு கெடக்கும். காட்டு ஓடைதான் ஓடும்" என்றாள் அவள், சாதாரணமாக.

பகல் 1.30. சாலையோரத்தில் ஒரு கூட்டம் நின்றது. சிங்கவால் குரங்குகள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி. ஒன்றின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தத் துண்டுக் காட்டிலிருந்து அந்தத் துண்டுக் காட்டுக்குப் போக நடுவில் மரம் இல்லாததால், தரையில் இறங்கித் தார் சாலை வழியாக நடந்தன. வளைவில் லாரி ஒன்று ஹார்ன் அடித்ததும் குட்டிக்காரி துள்ளி ஓரத்துக்கு ஓடினாள். எனக்கு உயிரே போய்த் திரும்பியது.

"போன மாசம் ஒண்ணு அடிபட்டுச் செத்துச்சு" என்றாள் ஞானம்மா. "நடுவுல இந்த ரெண்டு ஏக்கரையும் காடாக்கிட்டா மேலாலேயே தாவிப் போயிரும். எஸ்டேட்டுலயும் சரின்னுட்டாங்க. அதுக்குத்தான் இந்தக் கன்னெல்லாம் வளத்தேன். அதுக்குள்ள உங்க ஆளு வந்து, திருப்பூர் கம்பெனி நடுதுன்னு எடத்தை வாங்கிட்டான். ஃபைல்ல நட்டாச்சுன்னு ஒரு காயிதம் ஏறிட்டுதுன்னா, அந்த எடத்துல அப்புறம் ஒருத்தனும் நட விடமாட்டான். காயிதத்துல யாரு கையெழுத்துப் போடப் போறாங்களோ, அவுங்க கை விளங்காமப் போக."

என் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பண்ணைக்குத் திரும்பியதும் அவள் ஓரத்தில் ஒரு கன்றை எடுத்து, பிளேடால் பையைக் கிழித்து, மண்கட்டியோடு குழியில் இறக்கினாள். கிழித்த பையைப் பக்கத்துக் குவியலில் போட்டாள். இந்த வாரம் நட்டதெல்லாம் அந்தக் குவியலில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் மணி அடித்தது. வெட்டு மேசைக்கடியில் துண்டுத் துணி கிடக்கவில்லை என்றால் அங்கே யாரும் வெட்டவில்லை என்று அர்த்தம். கீழே அந்தச் சரிவில் ஒரே ஒரு கிழிந்த பையைக்கூட நான் பார்க்கவில்லையே!

ஓடினேன். வழுக்கினேன். எழுந்து, கைக்குக் கிடைத்த கன்றைப் பிடித்து இழுத்தேன். சோற்றுத் தூக்குப் போசியைத் தூக்குவதுபோல் சுலபமாக வந்தது. அடியில் பை, கிழிக்காத முழுப் பை. அடுத்ததும் பை. ஐந்தாவதும் பை. கையெழுத்து வாங்கி முடித்ததும் அப்படியே பிடுங்கி வேறிடத்தில் நட்டு, வேறு கம்பெனிக்குக் காட்டலாம்.

பின்னால் வந்து நின்ற ஞானம்மா சொன்னாள்: "இது காட்டுமரமே இல்ல. சில்வர் ஓக். தேயிலைக்கு நிழலுக்கு வைக்கிற மரம். எங்கேருந்தோ கப்பல்ல வந்தது." பிறகு என்னைப் பார்த்தாள். "கையெழுத்துப் போட்டது நீங்கதானா?"

"ஆமாங்க" என்றேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பேருந்தை, இட்லியை, குடையை. பனியனுக்குப் பார்க்கிற உள்பக்கத்தை மரத்துக்குப் பார்க்கவில்லை.

பகல் 2.20. தேயிலை லாரி ஒன்றில் ஏறி வால்பாறை போனேன். பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் தங்கவேலு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"பை எங்கீங்க?" என்றேன்.

முதலில் ரெக்சின் பையைத்தான் தொட்டார். என் கையில் கிழியாத பையோடு தொங்கிய கன்றைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை. "எல்லாரும் பண்றதுதானுங்கக்கா. சட்டை போடறவன் வந்து பாக்கவா போறான்? ஃபேக்ஸும் போயிருச்சுங்க. நீங்களும் பத்து செடியப் பாத்துத்தானுங்க பாஸ் போட்டீங்க?"

பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் போட்டுப் பேசுகிற போனில் முதலாளியைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"டேக் அடிச்சு அட்டைப்பெட்டி ஒட்டியாச்சுங்க சாந்தாம்மா" என்றார் முதலாளி.

"நாப்பது புள்ளைக ஞாயித்துக்கெழம உக்காந்தா டேக்க வெட்டிரலாமுங்க. லாட் ரிஜெக்ட்டுங்க."

"அப்ப நீங்க போட்ட கையெழுத்து?"

"அதுவும் டிஃபெக்ட் பீசுதானுங்க. ஸ்டிக்கர் ஒட்டிருங்க."

இன்னொரு நாணயம் போட்டேன். "சரி, வெட்டிரலாம்" என்றார் கடைசியில். மனசாட்சியாலா, வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்துவிடுவான் என்ற பயத்தாலா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

மாலை 3.00. திரும்புகிற பேருந்தில் உட்கார்ந்து, செக்கிங் படிவம் ஒன்றில் எஸ்டேட் மேனேஜருக்கு எழுதினேன்: இன்று காலை நான் போட்ட கையெழுத்து தவறு, அந்த இடத்தில் எதுவும் நடப்படவில்லை, காட்டுக் கன்றுகளை நட விடவும். நாற்றுப் பண்ணை வந்ததும் ஓட்டுநரைக் கெஞ்சி நிறுத்தச் சொன்னேன். ஞானம்மா மழையில் நனைந்தபடி ஜன்னலுக்குக் கீழே வந்தாள். தாளை வாங்கினாள், படித்தாள், பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். ஓட்டுநர் ஹார்ன் அடித்தார்.

"நட்டதும் நீங்களே வந்து பாருங்க. பிடுங்கிப் பாக்காதிய" என்றாள்.

நாற்பது வளைவுகளையும் இறங்கும்போது எண்ணவில்லை. கீழே வர வர மழை மெலிந்து, ஆழியாறில் நின்றேவிட்டது. பொள்ளாச்சி தாண்டியதும் புழுதி, பல்லடம் தாண்டியதும் சாயப்பட்டறை வாடை. காலையில் இதே வாடையில்தான் கிளம்பினேன், அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை டேக் வெட்டி முடித்த கையோடு வெள்ளகோவிலுக்குப் போனேன். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காய்ந்த வாய்க்கால் கரையில் நின்றார்.

"மலைக்குப் போனியாமா கண்ணு? தண்ணி வார எடத்தையெல்லாம் பாத்தியா? மேல எவன் நம்ம தண்ணியத் திருடறான்னு தெரிஞ்சுதா?"

"ஹோஸ் போடறவங்க மட்டுமில்லீங்கப்பா. அதுக்கும் மேல, மழை விழுகற எடத்துல காட்டையே திருடறாங்க. காகிதத்துல மட்டும் காடு வளக்கறாங்க."

"அது எவனுக்குத் தெரியாம நடக்குது? பாத்துக் கையெழுத்துப் போடறதுக்கு ஒரு ஆளு இருக்கோணுமே. அவன் யாரு?"

வாய்க்காலில் இறங்கி, வெடித்துக் கிடந்த மண்ணில் அப்பாவுக்கு எதிரே நின்றேன்.

"நாந்தானுங்கப்பா" என்றேன்.